மேற்பார்வையாளர் தொல்லை: நேராக லேபர் ஆபீஸ் போகலாமா?

மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் அரிசி ஆலையில் எடைமேடைக் கணக்கு எழுதுகிறேன். குறுவை அறுவடையின்போது, தனக்கு வேண்டிய வியாபாரியின் ஈர நெல்லுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் என்று எழுதச் சொன்னார் மேற்பார்வையாளர். மீட்டர் காட்டியது 21. மறுத்தேன். அன்றிலிருந்து லோடுமேன்கள் முன்னால் "மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டுகிறார், இரவு ஷிப்ட் மட்டுமே போடுகிறார், சம்பளச் சீட்டும் தருவதில்லை.

தனியாகப் பேசினேன், இன்னும் மோசமானது. முதலாளியிடம் சொன்னால், "அனுசரிச்சுப் போப்பா" என்கிறார் (மேற்பார்வையாளர் அவருக்கு மச்சான் முறை, வேறென்ன சொல்வார்!). லோடுமேன்கள் பாவம், சாட்சிக்கு வரமாட்டார்கள். திட்டி அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவுகளும், ஈரப்பதப் பதிவேட்டின் போட்டோவும் கைவசம் உள்ளன. சம்பா நெல் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும், வேலையையும் விட முடியாது.

முதலில் முதலாளிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பிவிட்டுத்தான் லேபர் ஆபீஸில் மனு கொடுக்க வேண்டுமா, இல்லை நேராகவே போகலாமா?