மணாலி – லே எட்டு வண்டி ரைடு: நடுவழியில நாமே சரிபண்ண என்ன எடுத்துட்டுப் போகணும்?

வைகைக்கரை ரைடர்:
ஆகஸ்ட் கடைசியில மணாலியிலிருந்து லே போறோம். ஹிமாலயன் 411 மூணு, ஜே சீரிஸ் கிளாசிக் 350 (ஸ்போக் வீல்) மூணு, டாமினார் 400 ரெண்டு. கேலாங் தாண்டினா மெக்கானிக்கை நம்பிப் போக முடியாதுங்கறாங்க. கிளட்ச் கேபிள், பஞ்சர், செயின் மூணையும் நாங்களே பார்த்துக்கணும். எட்டு பேரும் எல்லாத்தையும் சுமக்கணுமா, பங்கு போட்டுக்கலாமா? கேபிள் அறுந்தா சரியா என்ன செய்யணும்?

நெம்புகோல்:
கேபிள் பங்கு போடுற பொருள் இல்ல. ஒவ்வொரு வண்டிக்கும் அதோட கேபிள் அந்த வண்டியிலயே இருக்கணும், அதுவும் பைக்குள்ள இல்ல. புதுக் கேபிளை ஊர்லயே பழைய கேபிளோட பாதையிலேயே பக்கத்துல ஓட்டி, நாலஞ்சு இடத்துல ஜிப் டை போட்டுடுங்க. ரெண்டு முனையிலும் கொஞ்சம் கிரீஸ் வெச்சு, மண் தண்ணி போகாம இன்சுலேஷன் டேப் சுத்துங்க. ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பிப் பாருங்க, எங்கயும் இழுக்கக் கூடாது. இப்படி இருந்தா அறுந்த அன்னைக்கு டேங்க்கைத் தொட வேண்டியதில்ல, ரெண்டு முனையை மாட்டினா பத்து நிமிஷ வேலை.

பெரும்பாலும் அறுபடுறது லீவர் முனையில, உருளை மாதிரி இருக்கிற நிப்பிளை ஒட்டித்தான். அந்த நிப்பிள் லீவருக்குள்ள சுழலணும். கிரீஸ் காஞ்சு அது இறுகிட்டா, ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் கம்பி அந்த ஒரே இடத்துல மடங்கி, இழை இழையா விட்டுப் போகும். திடீர்னு ஃப்ரீ பிளே (லீவரோட வெத்து ஆட்டம்) கூடுது, கிளட்ச் கரகரன்னு கனக்குதுன்னா அங்கதான் பார்க்கணும். ரெண்டு இழை பிரிஞ்சிருந்தாலே மாத்திடுங்க, அடுத்த கணவாய் வரைக்கும் தள்ளிப்போடாதீங்க. மாட்டின பிறகு லீவர் அடியில 2–3 மி.மீ. ஆட்டம் விடுங்க. புதுக் கேபிள் கொஞ்சம் இழுபடும்கிறதால அன்னைக்கு சாயங்காலம் மறுபடி பார்க்கணும்.

ஸ்பேர் கேபிளும் போயிடுச்சுன்னா ஸ்க்ரூ நிப்பிள் (திருகால கம்பியை இறுக்கிப் பிடிக்கிற நிப்பிள்) கைகொடுக்கும். கம்பி சில மி.மீ. குட்டையாகியிருக்கும், அதனால ரெண்டு பக்க அட்ஜஸ்டரையும் முழுசா உள்ள திருகி நீளம் எடுத்துட்டு நிப்பிளை முறுக்குங்க. அதுவும் இல்லைன்னா கிளட்ச் இல்லாமலே ஓட்டலாம்: நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி, நடை வேகத்துக்குத் தள்ளிட்டு முதல் கியரைத் தட்டணும். மேல் கியருக்கு லீவர்ல கால் அழுத்தம் கொடுத்துக்கிட்டே ஆக்சிலேட்டரை சட்டுனு விட்டா விழும். நிறுத்துறதுக்கு முன்னாடி நியூட்ரல், விழலைன்னா இன்ஜினை அணைக்கிற கில் சுவிட்ச். இது பகல்ல, காலியான ரோட்டுல மட்டும்.

டியூப் பெட்டி:
டியூபை பங்கு போட்டுக்கலாம். ஹிமாலயன் முன்னாடி 21 இன்ச், பின்னாடி 17. கிளாசிக் முன்னாடி 19, பின்னாடி 18. டாமினார் ரெண்டும் 17 டியூப்லெஸ். சின்ன டியூப் பெரிய சக்கரத்துல இழுபட்டு உட்கார்ந்து அவசரத்துக்கு ஓடும். பெரிய டியூப் மடிப்பு விழுந்து அரைபட்டுக் கிழியும். அதனால 17 ரெண்டு, 18 ஒண்ணு, 19 ரெண்டு போதும். டாமினார் அலாய் ரிம் குழியில அடிச்சு வளைஞ்சு காத்து நிக்கலைன்னா, ரப்பர் வால்வை எடுத்துட்டு 17 டியூபையே உள்ள போட்டு ஓட்டிடலாம்.

மாத்துற வேலையில கெடுதல் வர்றது டயரை நெம்புற டயர் லீவராலதான். டயரோட ஒரு பக்கத்தை ரிம்மோட நடுப் பள்ளத்துல முழங்காலால அழுத்தி வெச்சாதான் எதிர்ப்பக்கம் லூஸ் கிடைக்கும். அதை விட்டுட்டு பலத்தால நெம்பினா புது டியூபும் கிள்ளுப்படும். டயருக்குள்ள விரலை மெதுவா ஓட்டி ஆணி, முள் இருக்கான்னு பார்த்த பிறகுதான் டியூப். வடிவம் வர்ற அளவுக்கு மட்டும் காத்து அடிச்சு உள்ள விடுங்க. டயரை ஏத்தும்போது வால்வுக்கு நேர் எதிர்ல ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க, முடிக்கிற முன்னாடி வால்வை ஒரு தடவை உள்ள தள்ளி விடுங்க.

பேட்ச் போடுறதா இருந்தா உரசி, சொல்யூஷன் தடவி, விரல்ல ஒட்டாத வரைக்கும் காயணும். குளிர்ல இது ரொம்ப நேரம் இழுக்கும், ஈரத்துல ஒட்டினா அரை மணியில பிரியும். ரோட்டோரத்துல புது டியூப் போடுங்க, பேட்சை ராத்திரி டென்ட்ல பொறுமையா ஒட்டிக்கலாம்.

தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல. அங்க காத்தழுத்தம் குறையுறதால டயர் கேஜ் சில பி.எஸ்.ஐ. கூடக் காட்டும், குளிர் அதுல பாதிக்கு மேல குறைச்சிடும். மேல போய் காத்தை இறக்காதீங்க.

வைகைக்கரை ரைடர்:
கேபிள் விஷயம் தெளிவாச்சு, நன்றி அண்ணா. செயினும், தண்ணி ஓடுற இடங்களும்?

ஓரத்துப் பட்டறை:
செயின் லாக் (அறுந்த செயினை இணைக்கிற, கிளிப் போட்ட கண்ணி) மூணு மாடலுக்கும் தனித்தனியா வாங்குங்க. சைஸ் நம்பர் செயின் தகட்டுலயே பொறிச்சிருக்கும். கிளிப்போட மூடின முனை செயின் ஓடுற திசையைப் பார்க்கணும், மாறிப்போனா கழண்டு பறக்கும். செயின் கட்டரும் ஒண்ணு வேணும். டாமினாருக்கு சென்டர் ஸ்டாண்டு கிடையாது, பின் சக்கரம் கழட்ட எதுல முட்டுக் கொடுப்பீங்கன்னு ஊர்லயே ஒரு தடவை செஞ்சு பாருங்க.

ஜிங் ஜிங் பார் பக்கம் ஓடைகள்ல பனி உருகி மதியத்துக்கு மேல தண்ணி ஏறும், காலையிலேயே தாண்டுங்க. தண்ணிக்குள்ள வண்டி விழுந்து நின்னா செல்ஃபைத் தொடவே கூடாது. சிலிண்டர்ல தண்ணி இருந்தா கனெக்டிங் ராடு வளையும், அது அங்க சரியாகாது. பிளக்கைக் கழட்டி (டாமினார்ல மூணு), ஏர் ஃபில்டரைப் பார்த்து, அதுக்கப்புறம் செல்ஃப் அடிச்சு தண்ணியை வெளியேத்துங்க. ஆயில் பால் டீ நிறத்துல மாறியிருந்தா ஓட்டாதீங்க.

கேபிளை விட எனக்கு பயம் கிளட்ச் பிளேட்தான். அந்த உயரத்துல இன்ஜினுக்கு பாதி மூச்சுதான். சேறுல லக்கேஜோட அரை கிளட்ச்லயே ஏத்தினா பிளேட் கருகும். ஆர்.பி.எம். ஏறுது, வேகம் ஏறலை, கருகின வாடை வருதுன்னா உடனே நிறுத்தி அரை மணி ஆறவிடுங்க, லீவர் ஆட்டம் இருக்கான்னு பாருங்க. ஆட்டமே இல்லாத கிளட்ச் தானா வழுக்கும்.

நெம்புகோல்:
இன்னும் ரெண்டு. வண்டி நின்னா எட்டு பேரும் நிக்காதீங்க. கடைசியில வர்ற டூல் வண்டியும் இன்னொருத்தரும் இருந்தா போதும், மத்தவங்க அடுத்த தாபாவுல காத்திருக்கட்டும். கணவாய் உச்சியில ரிப்பேர் வேண்டாம், மூச்சு வாங்கும், தலை சுத்தும். உருட்டியாவது கீழ இறக்கிட்டு பாருங்க.

தாண்டிங்கற ஊர் பங்க்ல எல்லா டேங்க்கும் நிரப்புங்க. அங்கிருந்து லே வரைக்கும் சுமார் 365 கி.மீ., லேவுக்குக் கொஞ்சம் முன்னாடி காருங்கற ஊர்ல ஒரு பங்க் உண்டு. கிளாசிக், டாமினார் ரெண்டும் 13 லிட்டர்தான், வண்டிக்கு 5 லிட்டர் கேன் கட்டுங்க. டேங்க்ல கல் பட்டு கசிஞ்சா குளிக்கிற சோப்பை அந்த இடத்துல அழுத்தித் தேய்ச்சு அடைங்க. சோப்பு பெட்ரோல்ல கரையாது. எம்-சீல் குளிர்ல இறுக நேரமாகும், ஈரத்துல பிடிக்கவும் செய்யாது. அதை ராத்திரி, கசிவு நின்ன பிறகு வெச்சுக்கோங்க.