சேற்றில் கைகொடுத்த ஏ.டி.வி. டயர் பனியில் கைவிட்டது: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கெமன்சா ஓட்டி:

கோலாலம்பூரை அடுத்த கெமன்சா பக்கம் ஏ.டி.வி. என்னும் நாலு சக்கரக் காட்டுவண்டி ஓட்டுகிறவர்களுக்கு அங்குள்ள செம்மண் சேற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றேகால் அங்குலப் பற்கள் உள்ள சேற்று டயரை மாட்டிய நாளிலிருந்து என் வண்டியை ஒருவரும் கயிறு கட்டி இழுக்க நேர்ந்ததில்லை. கனடாவில் வின்னிபெக் நகருக்கு வெளியே வீடு வாங்கியிருக்கும் அத்தான், வாசலில் பனி தள்ளுவதற்கு எந்த டயர் நல்லது என்று கேட்டபோது, அந்தத் தைரியத்தில்தான் என் டயரின் வகையையே சொல்லிவிட்டேன். சேறும் வழுக்கும், பனியும் வழுக்கும், ஆகவே இரண்டுக்கும் ஒரே மருந்து என்பது என் கணக்கு. அதுவரை நான் பனியைப் பார்த்ததெல்லாம் ஐஸ் பெட்டிக்குள்தான்.

சென்ற ஜனவரியில் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு நாள் காலையில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 24 பாகை. இரவில் பெய்திருந்த பொடிப்பனியை அத்தானின் ஏ.டி.வி.யின் முன்னால் பூட்டிய 60 அங்குலத் தகடு மாவை வழிப்பது போல் தள்ளிக்கொண்டு போயிற்று. நானும் பெருமையாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். தொல்லை வாசலின் முனையில் காத்திருந்தது. சாலையைச் சுத்தம் செய்யும் பெரிய வண்டி போகிற போக்கில் ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் பனியை வரப்பு போல் ஒதுக்கிவிட்டுப் போகிறது. அது பொடியாக இருப்பதில்லை, கட்டி கட்டியாக இறுகிக் கிடக்கிறது. அத்தான் தகட்டை இறக்கி அதன்மேல் போனார். வண்டி நின்றுவிட்டது, நான்கு சக்கரங்களும் நின்ற இடத்திலேயே சுழன்றன. பின்னால் எடுத்துப் பார்த்தால், டயர்கள் நின்ற இடத்தில் நான்கு குழிகள், துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் கிண்ணத்தின் அடியைப் போல் பளபளவென்று இருந்தன. அதற்குள் எதிர்வீட்டு மூதாட்டி கைவாரியால் தம் வாசலை முடித்துவிட்டு எங்களுக்குக் கையசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அத்தான் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கொட்டகைக்குப் போய் மண்வாரியை எடுத்துவந்தார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். டயர் தேர்வில் இப்படி அடிபட்டவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எழுதுங்கள்.

லங்காட் கரையோரம்:

நண்பர் டயரின் மேல் பழியைப் போடுகிறார். என் கருத்தில் பழி டயருக்குள் இருக்கும் காற்றின் மேல் விழவேண்டும். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021 டிசம்பர் 18இல் பெருவெள்ளம் கொண்டுவந்த மழைக்குப் பிறகு உலு லங்காட் எப்படிக் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். மூன்றாம் நாள், சின்னம்மா வீட்டுத் தெருவில் கணுக்கால் புதையும் சேற்றைத் தள்ளுவதற்காக, பழைய இரும்புக் குழாயை நெடுக்காக அறுத்துத் தகடாக்கி என் ஏ.டி.வி.யின் முன்னால் பற்றவைத்துக்கொண்டு போனேன். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோவோ அதற்கும் குறைவோதான் இருக்கும். ஈரச் சேறு ஒன்றரை டன்னைத் தாண்டும். அது அன்று எனக்குத் தெரியாது. தகடு சேற்றை அறுப்பதற்குப் பதிலாக அதன்மேல் ஏறிற்று, முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டன, நான் கைப்பிடியை விடாமல் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினேன். அடியில் ஏதோ இரும்பில் முட்டும் ஓசை கேட்டது. இறங்கிக் கையால் வழித்துப் பார்த்தபோது சின்னம்மாவின் தையல் இயந்திரம். வெள்ளம் முன்கூடத்திலிருந்து இழுத்துவந்து தெருவில் புதைத்திருந்தது. அதன் சக்கரம் உடைந்தது வெள்ளத்தாலா, என் தகட்டாலா என்று சின்னம்மா இன்றுவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி காற்று. ஏ.டி.வி. டயரில் நாம் வைப்பது பெரும்பாலும் 3 முதல் 7 பி.எஸ்.ஐ. வரைதான், காரைப் போல் 30 இல்லை. கோலாலம்பூர் வெயிலில், 30 பாகையில், 5 பி.எஸ்.ஐ. வைத்த டயரை அப்படியே 0 பாகைக்குக் கொண்டுபோனால் உள்ளே ஏறத்தாழ 3 தான் மிஞ்சும். சுழியத்துக்குக் கீழே 20 பாகை என்றால் 2 கூட இருக்காது. அத்தான் சூடான கொட்டகைக்குள் காற்றை அளந்துவிட்டு வெளியே ஓட்டியிருந்தால், அவர் ஓட்டியது பாதி காற்றிறங்கிய டயர்களைத்தான். காற்று மிகவும் இறங்கினால் டயரின் ஓரம் ரிம்மை விட்டுக் கழன்றுவிடவும் கூடும். கார்ப் பட்டறையில் இருக்கும் அளவுகோலால் இதை அளக்க முடியாது, அதில் முள் 5க்குக் கீழே அசையவே அசையாது. 15 அல்லது 20 பி.எஸ்.ஐ.யோடு முடியும் அளவுகோல் தனியாக வேண்டும். வண்டி இரவு முழுவதும் வெளியே நின்ற பிறகு, காலையில் ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு பி.எஸ்.ஐ. வேறுபட்டாலே தகடு கோணலாக இழுக்கும். இன்னொன்று, பனிக்கட்டி மிக வழுக்குவது 0 பாகையை ஒட்டித்தான். சுழியத்துக்குக் கீழே 24 பாகையில் அது அவ்வளவு வழுக்குவதில்லை. ஆகவே "பனி வழுக்கிற்று" என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது.

செந்தூல் தம்பி:

இரண்டு அண்ணன்மாரும் பனியில் டயரைச் சுற்றி மாட்டும் சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.

2019இல் விடுமுறை வேலை விசாவில் நியூசிலாந்து போய், சென்ட்ரல் ஒட்டாகோவில் ஓர் ஆட்டுப் பண்ணையில் இருந்தேன். ஜூலையில் அங்கே பனி பெய்யும். ஆடுகளுக்கு வைக்கோல் கொண்டுபோகும் வண்டி, பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ள பழைய ஏ.டி.வி. சங்கிலி ஒரே ஒரு சோடிதான் இருந்தது. பின்சக்கரங்களில் மாட்டச் சொல்லிவிட்டு முதலாளி டவுனுக்குப் போய்விட்டார். திசைமாற்றுவது முன்சக்கரம்தானே என்று எண்ணி நான் முன்னால் மாட்டினேன். வண்டி நகராது என்று நினைப்பீர்கள், ஆனால் போகும் வழி இறக்கம், அதனால் நன்றாகவே நகர்ந்தது. பாதி இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டேன். எஞ்சின் பின்சக்கரங்களைப் பிடித்தது, அவற்றுக்குப் பிடிமானம் இல்லை, முன்சக்கரங்களோ சங்கிலியோடு நிலத்தைக் கவ்விக்கொண்டிருந்தன. வண்டியின் பின்பக்கம் மெல்லச் சுழன்று முன்பக்கமாக வந்தது. மெல்ல என்றுதான் சொல்ல வேண்டும். வைக்கோல் கட்டு ஒன்று அவிழ்ந்து எனக்கு முன்னால் உருண்டு போவதை முழுவதுமாகப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருந்தது. வேலியில் இடித்து நின்றேன். ஆடுகள் என்னைச் சட்டை செய்யாமல் வைக்கோலைத் தேடிப் போயின.

முதலாளி மாலையில் வந்து வேலியைப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்தார், அவராகவே கழற்றிப் பின்னால் மாட்டினார். வின்னிபெக் அத்தானிடம் இருப்பது நான்கு சக்கர இயக்கம் என்றால் நான்கிலும் மாட்டட்டும். ஒரு சோடிதான் வாங்க முடியும் என்றால் அது பின்னால்தான் போக வேண்டும்.

பாலிக் பூலாவ் தோட்டம்:

எங்கள் மலைத் தோட்டத்தில் பனி ஏது, ஆனால் டிசம்பர் மழையில் டுரியான் மரத்தடிச் செம்மண் பனிக்கட்டிக்குச் சளைத்தது அன்று. என் கதை சிறியது. புதிய டயரைப் பூட்டிக்கொண்டு வந்த அன்றே, கூடைகளோடு ஏற்றத்தில் பாதியில் நின்றேன். பின்னால் எடுத்தால் மட்டும் டயர் அருமையாகப் பிடித்தது. அப்பா கீழே நின்று, "சக்கரத்தின் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது, பார்" என்றார். டயர் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று காட்டும் குறி அது. பட்டறையில் இரண்டு பின்டயர்களையும் திசைமாற்றிப் பூட்டியிருந்தார்கள். பற்களின் முனை தலைகீழாக இருந்தது. கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, மலை முழுவதும் பின்னோக்கியே ஏறி வீட்டுக்கு வந்தேன். கெமன்சா நண்பர் அத்தானிடம் அம்புக்குறியையும் ஒரு முறை பார்க்கச் சொல்லலாம்.

கெப்போங் டயர்க்காரர்:

இத்தொழிலில் எனக்கு இருபது ஆண்டுகள் ஆகின்றன, ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கதை இரண்டே வரிதான்: ஒரு வாடிக்கையாளர் பின்னால் மட்டும் 27 அங்குல டயர் கேட்டார், முன்னால் 25ஐ வைத்துக்கொள்வேன் என்றார், நானும் காசுக்காகப் போட்டுக் கொடுத்தேன். நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, கைப்பிடி இறுகி, கடை வாசலிலேயே முன் கியர்ப்பெட்டியிலிருந்து பல் நொறுங்கும் ஓசை வந்தது. அந்த ஓசையைக் கேட்ட பிறகு முன்பின் உயரம் பொருந்தாத டயரை நான் விற்பதில்லை.

இனி, லங்காட் நண்பர் காற்றைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் டயர் மேல் பழியே இல்லை என்றது தவறு. சேற்றில் நமக்கு வேண்டியது, பற்களுக்கிடையே ஒட்டிய மண்ணை ஒவ்வொரு சுற்றிலும் உதறி வீசும் டயர். அதனால்தான் பற்கள் உயரமாகவும் ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்கின்றன. பனியில் இது நேர்மாறு. பனியைப் பனிதான் நன்றாகப் பிடிக்கும். டயரின் இடுக்குகளில் கொஞ்சம் பனி அடைந்து நிற்பதே பிடிமானம். இறுகிய பனியின் மேலோ பனிக்கட்டியின் மேலோ, தள்ளித் தள்ளி நிற்கும் பத்துப் பெரிய பற்களைவிட, நெருக்கமான சிறு கட்டங்களும் அவற்றின் மேல் கத்தியால் கீறியது போன்ற மெல்லிய வெட்டுகளும் உள்ள டயருக்குக் கவ்வும் விளிம்புகள் அதிகம். ரப்பரும் முக்கியம்: குளிரில் இறுகாத மென்ரப்பர் வேண்டும். நம் வெயிலில் தேயாதிருக்கக் கடினமாகச் செய்த ரப்பர் அந்தக் குளிரில் மரக்கட்டையாகிவிடும். உங்கள் நான்கு எவர்சில்வர் கிண்ணங்களும் அப்படி உண்டானவைதான். சுழன்ற சூட்டில் பனி உருகி, மறுநொடியே கண்ணாடியாக உறைந்திருக்கிறது.

அடுத்து அகலம். ஆழப் பொடிப்பனியில் உல்லாசமாக ஓட்டுவதற்கு அகலமான டயரும் குறைந்த காற்றும் வேண்டும், வண்டி மேலே மிதக்க வேண்டும். தள்ளுவதற்கு அது ஆகாது. தள்ளும் வண்டி கீழே தரையைத் தேடிப் போய் அதை உதைத்தால்தான் தகட்டுக்குப் பின்னால் பலம் இருக்கும், அதற்குக் குறுகலான டயரே நல்லது. இரண்டையும் ஒரே டயரில் கேட்பவர்களுக்கு நான் நடுத்தர அகலமும் நெருக்கமான பற்களும் உள்ள ஆறு பிளை (அடுக்கு) டயரைச் சொல்வேன், மிச்சத்தைச் சங்கிலி பார்த்துக்கொள்ளும். உயரத்தைக் கூட்டவே கூட்டாதீர்கள். 25லிருந்து 27க்குப் போனால் கியர் 8 விழுக்காடு நீண்டு இழுவிசை குறைந்துவிடும், தள்ளும்போது எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட் வழுக்கிக் கருகும். உயர்ந்த டயரில் சங்கிலி மாட்டினால் அது உள்பக்கம் பிரேக் குழாயை உரசாமலிருக்க இடமும் கிடைக்காது. சங்கிலியை மாட்டி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும், முதலில் இறுக்கியது தளர்ந்திருக்கும். திருகு ஆணி அடித்த டயரும் உண்டு, பனிக்கட்டியில் அதற்கு நிகரில்லை, ஆனால் சிமெண்டு வாசலைக் கீறிவிடும். அக்காள் சும்மா விடமாட்டார். பின் தட்டில் இரண்டு மணல் மூட்டை வைப்பதற்குக் காசே செலவில்லை.

லங்காட் கரையோரம்:

டயரில் பழியே இல்லை என்று நான் எழுதவில்லை. காற்றை முதலில் பார்க்க வேண்டும் என்றேன். இறுகிய வரப்பை நேராக மோதித் தள்ள எந்த டயராலும் முடியாது. தகட்டைச் சாய்த்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்க வேண்டும். சேற்றில் நான் கற்றது அது.

கெமன்சா ஓட்டி:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு அத்தானைத் தொலைபேசியில் அழைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். அம்புக்குறி சரியாகத்தான் இருக்கிறது. காற்றைக் கொட்டகைக்குள்தான் அளந்தாராம், அதுவும் கார் அளவுகோலால். லங்காட் நண்பருக்கு ஒரு தே தாரிக் (தேநீர்) கடன்பட்டிருக்கிறேன். ஆனால் கெப்போங் அண்ணன் சொன்னதும் சரியாகிவிட்டது: நான் திரும்பி வந்த மறுவாரமே அத்தான் நெருக்கமான பற்கள் உள்ள வேறு டயரும் பின்சக்கரங்களுக்குச் சங்கிலியும் வாங்கி, அந்த வரப்பைச் சாய்வாகச் சீவித் தள்ளிவிட்டாராம். இத்தனை மாதங்களாக இதை என்னிடம் சொல்லவில்லை.

என் சேற்று டயர்களை விற்றுவிட்டீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். விற்கவில்லையாம். ஏப்ரலில் பனி உருகியதும் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்பாதை முழுவதும் சேறாகிவிடுமாம். அக்கம்பக்கத்தில் மற்ற வண்டிகள் எல்லாம் புதைந்து கிடக்க, அத்தானின் வண்டி மட்டும் போய்வருமாம். எதிர்வீட்டு மூதாட்டியின் காரைக்கூட ஒரு நாள் அதில் கட்டித்தான் இழுத்தாராம்.