ஸ்கில் பாயிண்டுகளை மீளப் பெற்று மாற்றிப் போட விடலாமா?

கேள்வி (கல்லடி):
நண்பர் ஒருவருடன் சேர்ந்து, மட்டக்களப்பு வாவியைக் களமாகக் கொண்ட சிறிய ஆர்பிஜி கேம் (பாத்திரத்தை வளர்த்து விளையாடுவது) ஒன்றை உருவாக்கி வருகிறேன். லெவல் ஏறும்போது கிடைக்கும் பாயிண்டுகளைத் தோணி, வலை, மந்திரம் ஆகிய மூன்று கிளைகளில் போடலாம். சோதித்துப் பார்த்த பையன்கள் பலர் எல்லாவற்றையும் வலையிலேயே கொட்டிவிட்டு, வலையில் அகப்படாத பேயிடம் வந்ததும் வழியின்றி விளையாட்டையே நிறுத்திவிட்டார்கள். மாற்ற விட்டால் தெரிவுக்கே மதிப்பில்லாமற் போகும் என்கிறார் நண்பர். உங்கள் கருத்து என்ன?

பதில் (அக்கரைப்பற்று):
கட்டாயம் விட வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த டயப்லோ 2 என்ற கேமில் இவ்வசதி இருக்கவில்லை. பில்ட், அதாவது பாயிண்டுகளைப் பங்கிட்ட விதம், பிசகினால் புதிய பாத்திரத்தை முதலிலிருந்து வளர்க்க வேண்டும் என்பதால், பாயிண்டுகளைச் செலவழிக்காமல் பதுக்கி வைத்துக்கொண்டு பலவீனமாகவே விளையாடியவர்கள் ஏராளம். 2010இல் வந்த 1.13 பேட்ச் என்ற திருத்தத்துக்குப் பிறகுதான், அகாரா என்ற பாத்திரம் தரும் முதல் குவெஸ்ட்டை (பணியை) முடித்தால் ஒவ்வொரு கடினநிலையிலும் ஒருமுறை ரீசெட், அதாவது பாயிண்டுகளை மீளப் பெறும் வாய்ப்பு, கிடைத்தது.

பதில் (களுவாஞ்சிக்குடி):
தம்பி, உங்கள் நண்பரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமில் விதர்ஸ் என்ற பாத்திரத்திடம் 100 பொன் கொடுத்தால் வகுப்பையே (போர்வீரன், மந்திரவாதி போன்ற வகையை) மாற்றிவிடலாம். அவ்வளவு மலிவாக இருப்பதால் சண்டைக்குச் சண்டை மாற்றத் தோன்றுகிறது, பாத்திரத்துக்கென்று ஒரு முகமே இல்லாமற் போகிறது. எல்டன் ரிங் கேமில் மாற்றுவதற்கு முதலில் ரெனாலா என்ற எதிரியை வெல்ல வேண்டும், பின்னர் ஒவ்வொரு முறைக்கும் லார்வல் டியர் என்ற பொருள் ஒன்று வேண்டும். சைபர்பங்க் 2077 கேமின் 2.0 பேட்ச் பெர்க்குகளை (சிறப்புத் திறன்களை) விலையின்றி மீளப் பெற விட்டு, அட்ரிபியூட்டுகளை (அடிப்படைப் பண்புகளை) ஒருமுறை மட்டுமே மாற்ற அனுமதித்தது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுவே.

ஆனால் உங்கள் பையன்களுக்குப் பேயை வலை தொடாது என்பது எங்கே சொல்லப்பட்டது? சொல்லவில்லையென்றால் அந்தப் பிசகு உங்களுடையது, அதற்கு அவர்களிடம் விலை கேட்கக் கூடாது. முதற்பேய் வரை இலவசமாக விடுங்கள். அதன்பின் விலை வையுங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணன். பேய்க்கு முன்னர் வரும் துறையில் ஒரு கிழவரை வைத்து எச்சரிக்கிறோம், முதற்பேய் வரை இலவசமாகவும் விடுகிறோம்.

பதில் (அக்கரைப்பற்று):
ரீசெட் செய்த உடனே அணிந்திருக்கும் பொருள்களின் தகுதியையும் மீண்டும் சரிபார்க்கும்படி எழுதுங்கள். இல்லாவிட்டால் வலையில் பாயிண்ட் போட்டுப் பெரிய வலையை மாட்டிக்கொண்டு, பாயிண்டுகளை மந்திரத்துக்கு மாற்றியவர் இரண்டையும் அனுபவிப்பார். பையன்கள் அதை ஒரே மாலையில் கண்டுபிடித்துவிடுவார்கள்.