புதுப்பிப்பு: வில்லங்கம் இல்லை, ஆனால் விற்பவருக்கு ஒரு தங்கை

போன மாதம் கேட்டிருந்தேன்: தாம்பரம் பக்கம் பழைய தனி வீடு, முப்பது வருட வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் அடமானம், விற்பனை ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் சான்று) எதுவும் இல்லை, பட்டா இறந்துபோன அப்பா பெயரில், விற்பவர் மகன், முன்பணம் கொடுக்கலாமா என்று. வக்கீலிடம் காட்டாமல் பத்து பைசா கொடுக்காதே என்றவர்களுக்கு நன்றி. நேற்று பத்திரம் பதிந்தாயிற்று.

வக்கீல் தாய்ப்பத்திரத்தை (சொத்து முன்பு கைமாறியதற்கான பழைய பத்திரம்) புரட்டிவிட்டு முதலில் கேட்டது வாரிசுச் சான்றிதழ். அதில் அம்மா, மகன், அப்புறம் கோவையில் கட்டிக்கொடுத்த ஒரு மகள். அப்பா சொந்தமாக வாங்கிய வீடு, உயில் இல்லை. ஆக 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமப் பங்கு. “தங்கச்சிக்கு நகையெல்லாம் போட்டாச்சு சார்” என்றார் அண்ணன். நகை போட்டால் பங்கு போய்விடுமா? இரண்டு வாரம் இழுத்தது. கடைசியில் மூவருமே விற்பவர்களாகக் கையெழுத்துப் போட்டார்கள். தங்கைக்குக் கைரேகை பதியவே இல்லை; புடவைத் தலைப்பில் மூன்று முறை விரலைத் துடைத்துத் துடைத்து வைத்தார்.

வில்லங்கச் சான்று பதிவான ஆவணங்களை மட்டும்தான் காட்டும். யார் யார் வாரிசு என்று அதில் வராது. எனக்கு இது உறைத்ததே இப்போதுதான்.

செலவு கேட்டவர்களுக்கு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். விலை 50 லட்சத்தைத் தாண்டியதால் விற்பவர்களுக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து, மூவர் பான் எண்ணுக்கும் தனித்தனியாகக் கட்டினேன். வக்கீல் ஃபீஸ் தனி. பட்டா மாற்றம் இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன்.