படுகளம் பார்க்க முதன்முறையாகப் போகிறேன்

பெருந்துறையிலிருந்து:
காங்கேயத்துக்கு அருகே என் மனைவியின் ஊரில், அண்ணன்மார் சாமி கோயிலில் அடுத்த வாரம் படுகளம், அதாவது அண்ணன்மார் மாய்ந்து மீண்டும் எழுவதைக் காட்டும் சடங்கு, நடக்கவிருக்கிறது. மாமனார் அவசியம் வரச் சொல்லியிருக்கிறார். அந்த அண்ணன்மாரான பொன்னர், சங்கர் கதையைச் சிறு வயதில் அப்பச்சி சொல்லிக் கேட்டதோடு சரி. 1805-இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் போர்களை மேடை நாடகமாகப் பார்த்திருக்கிறேன். இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டுமா?

காங்கேயத்திலிருந்து:
இல்லை. நாடகத்தில் விழுபவர் நடிகர். இங்கே விழுபவர் அருள் வந்த உங்கள் உறவினராக இருக்கலாம். சின்னமலையின் போர்களுக்கு ஆண்டு உண்டு, ஆவணம் உண்டு. அண்ணன்மார் கதையோ பாட்டாகவே தலைமுறைகளைத் தாண்டி வந்தது. ஆகவே உடையும் ஆயுதமும் எந்தக் காலத்தவை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். பல இரவுகள் நீளும் உடுக்கடிப் பாட்டில் கொம்பன் பன்றி வேட்டை முடிந்து, அண்ணன்மார் தம் வாளிலேயே விழுந்து மாயும் கட்டம் வரும்போது, நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாய்வார்கள். அவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணியால் போர்த்துவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது என் தாய்மாமன் அப்படி விழுந்தார். துணிக்கு வெளியே நீண்டிருந்த அவர் விரல்களின் மேல் கட்டெறும்பு ஏறி இறங்கியது. விரல் அசையவே இல்லை. அதன்பின் அவரைக் கேலி பேச எனக்கு வாய் வந்ததில்லை.

சென்னிமலையிலிருந்து:
விழுந்தவர்களைத் தாண்டிச் செல்லாதீர்கள், செருப்பைத் தொலைவிலேயே கழற்றிவிடுங்கள். சென்ற ஆண்டு ஒருவர் கைப்பேசி விளக்கை முகத்துக்கு நேரே அடித்துப் படமெடுத்து, பெரியவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். முக்கியமாக, பாதியில் கிளம்பிவிடாதீர்கள். அவர்களின் தங்கை தங்காள் தீர்த்தம் தெளித்து அண்ணன்மாரை எழுப்பும் கட்டம்தான் பெண்களைக் கண்ணீர் விட வைக்கும். எழுப்பும் முறை மட்டும் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் மாமனாரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெருந்துறையிலிருந்து:
மிக்க நன்றி. ஆறு வயது மகளை அழைத்துச் செல்லலாமா?

காங்கேயத்திலிருந்து:
தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். ஆனால் விழுந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்பதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்ததால், என் மகள் தன் பெரியப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு விடாமல் அழுதாள்.