கொல்லிமலை இறக்கத்துக்கு எந்த டிஸ்க் பிரேக்: ஒயரா, எண்ணெயா?

சேலம்வாசி:
மலைப்பாதையில் ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள் வாங்கப் போகிறேன். கடையில் இரண்டு வண்டிகளைக் காட்டினார்கள். சட்டகம், ஃபோர்க், கியர் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். பிரேக்கில் மட்டும் வித்தியாசம்: ஒன்றில் ஒயர் இழுக்கும் மெக்கானிக்கல் டிஸ்க், மற்றதில் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க். விலையில் 6,500 ரூபாய் கூடுதல். வார நாட்களில் ஊருக்குள் ஓட்டுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏற்காடு, கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே போகும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏறுவதைப் பற்றிக் கவலை இல்லை, மெதுவாக ஏறிவிடுவேன். அதே வழியில் இறங்குவதைத்தான் யோசிக்கிறேன். என் எடை 78 கிலோ. அந்தப் பணத்தை பிரேக்கில் போடலாமா, நல்ல டயருக்கும் ஹெல்மெட்டுக்கும் வைத்துக்கொள்ளலாமா?

தனிவழி:
மெக்கானிக்கலையே எடுங்கள் நண்பரே. மிச்சமாகும் பணத்தில் டயர் வாங்குங்கள். பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் தரையைப் பிடிப்பது ரப்பர்தான்.

ஒயர் பிரேக்கில் எது கெட்டாலும் கண்ணில் படும். ஓர் இழை பிரிந்தால் தெரியும், உறை நசுங்கினால் தெரியும், துரு ஏறினால் லீவர் கனப்பதில் தெரியும். எந்தச் சிற்றூர் சைக்கிள் கடையிலும் பிரேக் ஒயர் கிடைக்கும். ஓர் ஆலன் சாவி இருந்தால் சாலையோரத்திலேயே மாற்றிவிட்டுக் கிளம்பலாம். ஹைட்ராலிக்கில் குழாய் கிழிந்தாலோ, சீல் கசிந்தாலோ அன்றைய பயணம் முடிந்தது. நான் மூட்டை கட்டிக்கொண்டு தொலைதூரம் போகிறவன். மணாலியிலிருந்து லே போகும் சாலையில் தக்லாங் லா கணவாய் 5,328 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு பிரேக்கில் ஊற்றும் மினரல் ஆயிலையும் அதை ஏற்றும் சிரிஞ்சையும் எங்கே தேடுவது?

இறக்கம்:
தனிவழி அண்ணா, கேட்டவர் லே போகவில்லை. சேலத்திலிருந்து கிளம்பி மாலைக்குள் வீடு திரும்புகிறவர். அவருக்கு எது பொருந்தும் என்று பேசுவோம்.

முதலில் அந்த இறக்கம் பிரேக்கிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஆள், வண்டி, தண்ணீர், பை எல்லாம் சேர்த்து 95 கிலோ. 1000 மீட்டர் உயரம் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 930 கிலோ ஜூல் ஆற்றலைக் கரைத்தாக வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அது. நேரான சாலையாக இருந்தால் காற்றுத் தடை அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். கொல்லிமலையில் வேகம் எடுப்பதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். ஆகவே கணிசமான பங்கு சக்கரங்களோடு சுழலும் வட்டத் தகடுகளான அந்த இரண்டு மெல்லிய ரோட்டர்களுக்குத்தான் போகிறது.

அடுத்தது கை. ஹைட்ராலிக்கில் லீவருக்குள் இருக்கும் சிறிய பிஸ்டன் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குறையாமல், ரோட்டரைக் கவ்வும் கேலிப்பரின் பெரிய பிஸ்டன்களுக்குப் போகிறது. லீவரில் 10 மில்லிமீட்டர் குறுக்களவு, கேலிப்பரில் 22 மில்லிமீட்டர் என்று கொண்டால், ரோட்டரில் உராயும் ஒவ்வொரு பேடின் மீதும் விழும் விசை ஏறத்தாழ ஐந்து மடங்கு. வழியில் உராய்ந்து வீணாவது மிகக் குறைவு. ஒயரிலோ உறையின் ஒவ்வொரு வளைவும் கொஞ்சம் விசையைத் தின்றுவிடுகிறது. அழுத்தும்போது உறையே சற்றுச் சுருங்குகிறது. முப்பதாவது வளைவுக்கு மேல் முன்னங்கை எரியத் தொடங்கும். ஹைட்ராலிக்கை ஒற்றை விரலால் பிடிக்கலாம். மீதி விரல்கள் ஹேண்டில்பாரைப் பற்றியிருக்கும். குழியில் முன்சக்கரம் இறங்கும்போதுதான் அதன் அருமை தெரியும்.

மூன்றாவதுதான் என் முக்கியமான காரணம். பேட் தேயத் தேய ஹைட்ராலிக் தானே ஈடுகட்டிக்கொள்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், அழுத்தும்போது சற்று வளைந்து, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னால் இழுக்கிறது. பேட் தேய்ந்திருந்தால் பிஸ்டன் அந்தச் சீலைத் தாண்டிக் கொஞ்சம் முன்னே வந்து நின்றுவிடும். லீவர் பிடிக்கும் இடம் மாறாது. மெக்கானிக்கலில் அந்த வசதி கிடையாது. மழையில், சேற்றில் பேட் வேகமாகத் தேயும் நாளில், மேலே சரியாக இருந்த லீவர் கீழே வருவதற்குள் ஹேண்டில்பாரைத் தொட வந்துவிடும்.

தனிவழி:
வெப்பக் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள், தம்பி. ஆனால் அது இரண்டு வகைக்கும் பொது. சொல்லப்போனால், வெப்பம் ஏறினால் ஆபத்து எண்ணெய்க்குத்தான் அதிகம். ஒயர் கொதிக்காது. சில ஹைட்ராலிக் பிரேக்குகளில் ஊற்றும் டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அதன் தர அளவு 155 டிகிரி. கொதித்து நீராவிக் குமிழி உண்டானால் லீவர் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போய்விடும்.

தேய்மானத்துக்கு வருவோம். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு ஒருவர் விட்டுவைக்கிறார் என்றால் பிரேக்கைக் குறை சொல்லி என்ன பயன்? நல்ல மெக்கானிக்கல் கேலிப்பரில் இரண்டு பேடுகளையும் தனித்தனியாக நெருக்கலாம். அவிட் பிபி7 கேலிப்பரில் அதற்கென்றே இருபுறமும் சிவப்புத் திருகுகள் உண்டு. கருவியே வேண்டாம், கையால் ஒரு சொடுக்குத் திருப்பினால் போதும். டிஆர்பி ஸ்பயர் போன்றவற்றில் இரண்டு பேடுகளும் ஒருசேர நகரும். தேநீர் குடிக்க நிற்கும் நேரத்தில் முடிகிற வேலை.

பட்டறை:
சைக்கிள் பழுதுபார்ப்பது என் தொழில். என் மேசைக்கு வருவதை வைத்துச் சொல்கிறேன்.

தனிவழி சொல்லும் பிபி7 வகை நல்ல பிரேக்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த விலையில் வரும் வண்டிகளில் அது இருக்காது. ஒரு பேட் மட்டும் நகரும் மலிவான கேலிப்பர்தான் இருக்கும். வெளிப்பக்கப் பேட் ரோட்டரைத் தள்ளி வளைத்து, அசையாமல் இருக்கும் உள்பக்கப் பேடின் மீது அழுத்த வேண்டும். உள்பக்கப் பேட் தள்ளி இருந்தால் உங்கள் விசையில் பாதி ரோட்டரை வளைப்பதற்கே போய்விடும். அந்தப் பேடை ரோட்டரைத் தொட்டும் தொடாமலும் நிறுத்தி வைப்பதில்தான் மெக்கானிக்கல் பிரேக்கின் உயிர் இருக்கிறது. என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கடையில் வாங்கிய நாளுக்குப் பிறகு அந்தத் திருகை யாரும் தொட்டிருப்பதில்லை.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பேட் தேய்ந்ததும் லீவரில் உள்ள திருகையோ கேலிப்பரில் ஒயரையோ இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். அப்போதைக்கு லீவர் சரியாகிவிடும். ஆனால் கேலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் சுற்றிய நிலையில் நிற்கும். அதன் நெம்புவிசை குறைந்திருக்கும். இன்னும் கொஞ்சம் தேய்ந்தால் கை அதன் முட்டுக்கட்டையில் போய் இடித்து நின்றுவிடும். லீவர் கல் போல இருக்கும், வண்டி நிற்காது. தேய்மானத்தைப் பேடின் திருகில்தான் சரிசெய்ய வேண்டும், ஒயரில் கூடாது. மெக்கானிக்கல் வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை மட்டும் மறக்க வேண்டாம்.

டாட் திரவம் பற்றி: ஷிமானோவின் ஹைட்ராலிக் பிரேக்குகள் எல்லாமே மினரல் ஆயிலில் ஓடுபவை. தொடக்க விலையில் வருகிற டெக்ட்ரோவும் அப்படித்தான். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. எனவே 155 டிகிரிக் கணக்கு இங்கே பொருந்தாது. ஒரே எச்சரிக்கை: பைக் கடையில் கிடைக்கிறது என்று மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவத்தை ஊற்றிவிடாதீர்கள். சீல்கள் ஊதிக் கெட்டுப்போகும். பிறகு முழு பிரேக்கையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குன்னூர்க்காரி:
இவ்வளவு பேரும் கையைப் பற்றி ஒரே மாதிரி பேசுகிறீர்கள். எல்லோருக்கும் கை ஒரே அளவு இல்லை.

எனக்கு விரல்கள் குட்டை. மெக்கானிக்கல் வண்டி வைத்திருந்தபோது குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் லீவரை எட்டிப் பிடிக்க நான்கு விரல்களும் தேவைப்பட்டன. பர்லியாறு வருவதற்குள் உள்ளங்கை மரத்துவிடும். நிறுத்தி, கையை உதறி, மறுபடியும் கிளம்புவேன். பின்னால் பஸ் ஒலி எழுப்பிக்கொண்டு வரும்போது ஓரத்தில் நிறுத்துவதற்கே பிரேக்கை நம்ப வேண்டும், நம்புகிற அளவுக்குக் கையில் வலு மிச்சம் இருக்காது. இப்போது ஹைட்ராலிக். லீவரை ஹேண்டில்பாருக்கு அருகில் கொண்டுவரும் சிறிய திருகு இருக்கிறது. அதைத் திருப்பி வைத்துக்கொண்டேன், ஆள்காட்டி விரல் போதும். பெண்களும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் மலையில் ஓட்டுவதற்கு மெக்கானிக்கல் போதும் என்று சொல்கிறவர்கள், அந்த இறக்கத்தை எங்கள் கையளவில் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தனிவழி:
தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மெக்கானிக்கலிலும் பல லீவர்களில் அந்தத் திருகு உண்டு என்றாலும், லீவரை அருகில் கொண்டுவந்தால் இழுக்கும் தூரம் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஆனால் ஹைட்ராலிக்கின் தொல்லைகளை ஒருவரும் பேசவில்லை. சக்கரத்தைக் கழற்றி வண்டியை பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றுகிறீர்கள். யாரோ லீவரைப் பிடித்துவிடுகிறார்கள். பேடுகள் ஒட்டிக்கொள்ளும், ரோட்டர் உள்ளே நுழையாது. பஞ்சர் ஒட்ட வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால், லீவரில் உள்ள எண்ணெய்த் தொட்டியில் காற்று இருக்கும் பட்சத்தில் அது குழாய்க்குள் போய்விடும். நிமிர்த்திய பிறகு லீவர் பஞ்சு போல அமுங்கும். அந்த நிலையில் முதல் வளைவுக்கு இறங்குகிறவரை நினைத்துப் பாருங்கள்.

சேலம்வாசிக்கு ஒரு நடுவழி சொல்கிறேன். இப்போது மெக்கானிக்கல் வண்டியை எடுங்கள். ஒரு வருடம் ஓட்டுங்கள். போதவில்லை என்றால் ஹைட்ராலிக் தொகுதியைத் தனியாக வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம்.

பட்டறை:
பூட்டலாம், ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். சேலம்வாசி, அந்த மெக்கானிக்கல் வண்டியில் கியர் மாற்றியும் பிரேக் லீவரும் ஒரே துண்டாக இருக்கின்றனவா, தனித்தனியாகவா? விலை குறைந்த வண்டிகளில் பெரும்பாலும் ஒரே துண்டுதான். அப்படியென்றால் பிரேக் லீவரை மாற்றும்போது கியர் மாற்றியையும் புதிதாக வாங்க வேண்டும். அதோடு கூலியும் சேரும். இன்று 6,500 ரூபாயில் முடிகிற காரியம் நாளை அதைத் தாண்டிவிடும்.

கவிழ்த்து வைப்பது பற்றி தனிவழி சொன்னது உண்மை. அதற்குத் தீர்வும் எளிது: நிமிர்த்தியதும் லீவரைப் பலமுறை அழுத்துங்கள், கெட்டியாகிவிட்டால் கிளம்பலாம். கெட்டியாகாவிட்டால் உள்ளே காற்று இருக்கிறது, ப்ளீடிங் செய்யாமல், அதாவது அந்தக் காற்றை வெளியேற்றாமல், மலை இறங்கக் கூடாது.

சேலம்வாசி:
கடைக்குப் போய்ப் பார்த்தேன். மெக்கானிக்கல் வண்டியில் ஒரே துண்டுதான். கேலிப்பரில் வெளிப்பக்கப் பேட் மட்டும் நகர்கிறது. உள்பக்கத் திருகைத் திருப்பிக் காட்டச் சொன்னேன், கடைப் பையனுக்கு அது எதற்கு என்றே தெரியவில்லை. ஹைட்ராலிக் வண்டியில் ஷிமானோ எம்டி200. அதையே எடுப்பதாக முடிவு செய்துவிட்டேன். முன்னும் பின்னும் ரோட்டர் 160 மில்லிமீட்டர். 78 கிலோவுக்கு அது போதுமா?

இறக்கம்:
ஏற்காட்டுக்குப் போதும். கொல்லிமலைக்கு முன்சக்கரத்தில் மட்டும் 180 போடுங்கள். வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி முன்சக்கரத்துடையது. அதே விசையில் எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிப்பு கிடைக்கும், வெப்பத்தைத் தாங்கும் உலோகமும் கூடும். ஃபோர்க் எந்த அளவு வரை அனுமதிக்கிறது என்று பார்த்துவிட்டு கேலிப்பரை அதற்கேற்ப நகர்த்திப் பொருத்தும் அடாப்டரோடு வாங்குங்கள்.

இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து உரசவிட்டுக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்பு அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதும் விட்டுவிடுங்கள். ரோட்டர் ஆறுவதற்கு அந்த இடைவெளிதான் நேரம்.

பட்டறை:
இன்னும் சில வார்த்தைகள். அந்த வண்டியின் ரோட்டரில் 'ரெசின் பேட் மட்டும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். உலோகப் பேட் நீண்ட நாள் உழைக்கும் என்று யாராவது சொன்னால் அதில் போட்டுவிடாதீர்கள், ரோட்டர் சீக்கிரம் அரித்துப் போகும். ஷிமானோ ரோட்டர் புதிதாக 1.8 மில்லிமீட்டர் தடிமன், 1.5 ஆனால் மாற்ற வேண்டும். பேடின் உராயும் பகுதி 0.5 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதையும் மாற்ற வேண்டும்.

வண்டி வந்ததும் நேரே மலைக்குப் போகாதீர்கள். ஆளில்லாத சமதளத்தில் ஓரளவு வேகம் எடுத்து, நடை வேகம் வரும்வரை அழுத்தமாகப் பிடித்து விடுங்கள். முன் பிரேக், பின் பிரேக் தனித்தனியாக இருபது முறை போல. பேடின் பொருள் ரோட்டரில் சீராகப் படிந்த பிறகுதான் முழுப் பிடிப்பு வரும்.

பைக் வாட்டர் சர்வீஸ் கடையில் சைக்கிளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கழுவி முடித்ததும் பளபளப்புக்காக டீசலையோ எண்ணெயையோ தெளித்துவிடுவார்கள். ஒரு துளி பேடில் ஊறினால் போதும். கிறீச்சென்று கத்தும், பிடிக்காது. ரோட்டரை ஐசோபிரப்பைல் ஆல்கஹாலால் துடைத்துச் சரிசெய்யலாம். ஊறிய பேடைத் தேய்த்துப் பார்ப்பது வீண் வேலை, புதிது போடுங்கள்.

தனிவழி:
என் கருத்து மாறவில்லை. தொலைதூரம் போகிறவருக்கு நான் ஒயரைத்தான் சொல்வேன். சேலம்வாசி எடுத்த வண்டிக்கு இதைச் செய்யட்டும்: புது பிரேக்கோடு பேடுகளுக்கிடையே வைத்து வரும் பிளாஸ்டிக் துண்டைத் தூக்கி எறியாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சக்கரம் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைச் செருகுங்கள். மறந்துபோய் பேடுகள் ஒட்டிக்கொண்டால் ஸ்க்ரூ டிரைவரை விடாதீர்கள், பேடும் பிஸ்டனும் சிதையும். டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பியை இடையில் விட்டு, இரண்டு பக்கமும் மெல்ல மெல்ல விலக்குங்கள்.