வெள்ளம் வடிந்த பின்னும் மனதை விட்டு வடியாதவை: அனுபவப் பகிர்வு

ஆற்றங்கரைப் பக்கத்தவர்:
ராமநாதபுரம் பெரிய கண்மாய் நிறைந்து, கலுங்கு என்னும் உபரிநீர் வழியில் பாய்ந்த இரவை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 258 கிலோமீட்டர் ஓடிவரும் வைகை பெரும்பாலும் கண்மாயோடு அடங்கிவிடுவதால், மிச்ச நீர் எங்கள் ஆற்றங்கரை ஊரைத் தொட்டுத்தான் கடலுக்குப் போகும் என்பதையே மறந்திருந்தோம். எதிர்வீட்டு அப்பத்தாவைத் தூக்கிவரப் போனபோது, விலை ஏறட்டும் என்று அவர் அடுக்கி வைத்திருந்த குண்டு மிளகாய் வற்றல் ஊறிப் பிரிந்து, வீட்டுக்குள் நின்ற தண்ணீர் சிவந்து கிடந்தது. கருவேல முள் கிழித்திருந்த என் கால்கள் தீயாய் எரிந்தன. "என்னை விடுப்பா, மூட்டையைத் தூக்கு" என்றார். தூக்கிய மூட்டை அடி பிரிந்து அவர் கண்முன்னே கொட்டியது. இரு கரையையும் உயர்த்திக் கட்டாமல் இன்னொரு ஐப்பசியை எங்களால் தாங்க முடியாது.

மூக்கையூர்ப் பக்கத்தவர்:
அண்ணன் மன்னிக்க வேண்டும், கரையை மட்டும் உயர்த்துவதை நான் ஏற்கவில்லை. குண்டாற்றில் எங்களுக்குக் கரை உடையவே இல்லை. ஆறு இறங்கிய பிறகும் வயலில் நின்ற மழைநீர் வெளியேற வழியின்றி நான்கு நாள் தேங்கியது. வடிகால் மதகை நானும் மச்சானும் இருட்டில் திருகியபோது, துருவேறிய கம்பி முறிந்து அவர் கையோடு வந்துவிட்டது. அதைப் பிடித்தபடி ஒரு வார்த்தையும் பேசாமல் நின்றார். உங்கள் பக்கம் வாடைக் காற்றில் வடகடல், அதாவது பாக் நீரிணைக் கடல், மேவி நிற்கும்போது, முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டிவிடாமல் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் நீர் எங்கே போகும்?

ராஜசிங்கமங்கலத்தவர்:
எங்கள் வீட்டில் பட்டாவும் பிள்ளைகளின் சான்றிதழ்களும் கூழாகிப் போயின. அவ்வளவுதான் என் கதை. இருவரும் வாதிடுவதை விட்டு, தண்ணீர் ஏறிய உயரத்தைச் சுவரில் சாயத்தால் குறித்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஜனவரி 26 கிராம சபையில் கரை, மதகு, முகத்துவாரம் மூன்றையும் சேர்த்தே தீர்மானமாக எழுதச் சொல்லி, நகலைக் கேட்டு வாங்குங்கள். வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்புக்கு, ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்றும் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் இருக்கிறது. புல எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதுங்கள். தூர்வாரும் வேலையைச் சித்திரை, வைகாசியில் கேளுங்கள், புரட்டாசியில் கேட்டால் சேற்றைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள், முதல் மழையில் அது திரும்ப உள்ளே இறங்கிவிடும். மாவட்டப் பேரிடர் எண் 1077ஐ ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் எழுதுங்கள்.

ஆற்றங்கரைப் பக்கத்தவர்:
தம்பி சொல்லும் மணல்மேட்டை நானும் பார்த்தேன், மறுக்கவில்லை. மனுவில் மூன்றையும் எழுதுகிறோம். முதல் கையெழுத்தை அப்பத்தாவிடம் கேட்டிருக்கிறேன். மிச்சமான வற்றலை முற்றத்தில் உலர்த்திக்கொண்டிருக்கிறார், காய்ந்ததும் வருகிறேன் என்றார்.